அஞ்சாவது ஆள்

பொன்மணி எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக ஆள் எண்ணுவார். கல்யாண மண்டபமா, மினி பஸ்ஸா, ரேஷன் கடையா, பேதமே கிடையாது. உதடு மட்டும் லேசாக அசையும். எண்ணி முடித்ததும் வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை. அதற்கப்புறம்தான் "நல்லா இருக்கீகளா?" எல்லாம். போன வருடம் நாத்தனார் மகள் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து, "மேடையில பதினாலு பேரு நிக்காக, பாதிப் பேரு இறங்குங்க" என்று சத்தம் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா நிஜமாகவே இறங்கிவிட்டாராம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்று கேள்வி.

இது கிறுக்கு இல்லை, தொழில் பழக்கம். இருபது வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து செலுத்துகிறவர் அவர். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் என்பது அங்கே சட்டம். ரூமுக்கு ரூம் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். செருப்பை வெளியே விட வேண்டும், நைலான் சேலை கூடாது, தலையில் இரும்பு ஊசி கூடாது, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும்போதுகூட அஞ்சாவதாக ஒரு பிள்ளை வந்தால் "ரூம் ஃபுல்" என்று வெளியே நிறுத்திவிடும். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புரியாது.

நான் சாலமன்ராஜ். திருத்தங்கலிலிருந்து தினமும் பைக்கில் வந்து, சிவகாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காகப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால்தான் பொன்மணியைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும். குழுவின் தலைவி அவர்தான்.

அவர் தலைவியானது மழையால். பெற்றோரில் ஒருவர்தான் தலைவராக இருக்க வேண்டும், அதுவும் ஒரு தாயாக இருக்க வேண்டும். தேர்தல் வைத்த அன்றைக்குக் காலையிலிருந்து மழை. மழை பெய்தால் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. வழக்கமாக ஈ ஆடாத எங்கள் கூட்டத்துக்கு அன்று பத்தொன்பது தாய்மார்கள் வந்துவிட்டார்கள். பொன்மணி உள்ளே வந்தார், எண்ணினார், "இத்தன பேரு இருக்கோம், இந்த ரூமுக்கு ஒரு வாசல்தானா சார்?" என்று கேட்டார். பின்வாசல் இருந்தது. பத்து வருடமாக உடைந்த பெஞ்சுகளைப் போட்டு அடைத்து வைத்திருந்தோம். அவரே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சையெல்லாம் இழுத்துப் போட்டுக் கதவைத் திறந்தார். காற்று வந்தது. அந்தக் காற்றிலேயே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் பள்ளியில் இருக்கிற அத்தனை வகுப்புக்கும் பின்வாசல் திறந்தது. ஆசிரியர் அறையில் அவருக்கு நான் வைத்த பெயர் 'ரெண்டு வாசல் பொன்மணி'. சிரிப்பாகத்தான் இருந்தது அப்போது.

அவருக்கு ஒரே மகள், அழகுமீனா. எங்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன். வீட்டுக்காரர் பெயர் ஊர்க்காவலன், அச்சாபீசுக்குக் காலண்டர் கட்டு ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டில் என்ன முடிவானாலும் சரி என்று சொல்லுகிற நல்ல மனிதர். முடிவு ஏற்கெனவே ஆகியிருந்தது. அழகுமீனா நர்சிங் படிக்க வேண்டும். "என் மக கையில மருந்துன்னு பட்டா அது ஆஸ்பத்திரி மருந்தா இருக்கணும் சார்" என்பார் பொன்மணி. இதை அவர் சொல்லாத கூட்டம் இல்லை.

அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு மார்க் ஷீட் இருந்தது. பொன்மணியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் எழுபத்தொன்று, நானே அசந்துபோனேன். ஆங்கிலத்தில் பதினெட்டு. இரண்டு தடவை திரும்ப எழுதினார், பதினெட்டு இருபத்தொன்றாகி, இருபத்தொன்று பத்தொன்பதானது. மூன்றாவது தடவை எழுதவில்லை. அக்கா செல்வலட்சுமியோடு கம்பெனி வேனில் ஏறிவிட்டார். ஆங்கிலம் என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு பாடம் இல்லை. உள்ளே விடாமல் நின்ற ஒரு வாட்ச்மேன்.

இப்படிப்பட்டவரின் தலைமையில் இருக்கிற பள்ளிக்குத்தான் போன ஜூன் மாதம் ஜெஸ்லின் டீச்சர் வந்து சேர்ந்தார். சாத்தூரிலிருந்து பஸ். இருபத்தேழு வயது. வந்த மூன்றாவது வாரமே ப்ளஸ் ஒன் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் ஒரு பழைய ஆங்கில நாடகத்தை ஆரம்பித்துவிட்டார். பாடப் புத்தகத்தில் இல்லாதது. நானூறு வருடத்துக்கு முந்தையது. அதன் பெயர் என் வாயில் கடைசிவரை நுழையவில்லை, ஆகவே உங்களையும் சிரமப்படுத்தவில்லை. மைதானத்தில் பிள்ளைகள் மார்பில் கைவைத்துக்கொண்டு சாவது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே பிள்ளை ஒரு நாளில் ஏழு தடவை செத்தது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு பீரியட் மேல் எனக்கும் ஒரு கண். கணக்கில் வகையீட்டுப் பாடம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. ஆகவே ஜூலை மாதக் கூட்டத்தில் பெற்றோர்கள் நாடகத்தைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தபோது, பேனாவை மூடி வைத்துவிட்டு ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், தப்பா நினைக்காதீக" என்று ஆரம்பித்தார் பொன்மணி. "அதுல பேசுற இங்கிலீஷை இப்ப யாராச்சும் பேசுறாகளா?"

"இல்லக்கா. இங்கிலாந்துலயே பேச மாட்டாங்க" என்றார் ஜெஸ்லின். மறைக்கத் தெரியாத பெண்.

"அப்ப எங்க புள்ளைக அதைப் படிச்சு யாருட்ட பேசப் போறாக?"

கூட்டத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஜெஸ்லின் டீச்சர் முகம் சிவந்தது, ஆனால் உட்காரவில்லை. "அக்கா, லெட்டர் எழுதுறது, கட்டுரை எழுதுறது எல்லாம் நான் நடத்திட்டுத்தான் இருக்கேன். அதுல கேள்வியும் நானே சொல்றேன், பதிலும் நானே சொல்றேன். புள்ளைங்க குனிஞ்சு எழுதிக்குதுங்க, அவ்வளவுதான். நாடகம்னா ஒரு ஆளு எந்திரிச்சு நின்னு, இன்னொரு ஆளு மூஞ்சியைப் பார்த்துப் பேசியாகணும். நம்ம புள்ளைங்களுக்கு அதுதான்க்கா வரலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்கல்ல."

"மார்க்குள்ள புள்ளைதான் டீச்சர் பொழைக்கும். எனக்கு வாயெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." பொன்மணி சிரிக்கவில்லை. "நர்சிங்ல மருந்து பாட்டில்ல எழுதியிருக்குறதைப் படிக்கணும். டாக்டர் சொன்னா புரியணும். அந்த இங்கிலீஷைச் சொல்லிக் குடுங்க. ராசா கதை எங்க வீட்டு டிவியிலயே ஓடுது."

என்ன இருந்தாலும் அது நல்ல வாதம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் ஹெச்.எம். எந்தச் சண்டையையும் தீர்த்ததில்லை, தள்ளிப் போடுவார். "பெற்றோர் முன்னால ஒரு தடவை போட்டுக் காட்டட்டும். பார்த்துட்டு அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணுவோம். தலைவி சொல்றதுதான்" என்றார். நான் நோட்டில் எழுதினேன். நாடகம் பிடிக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமை இரண்டு பீரியடும் கணக்குக்கு. அந்த வரியை மட்டும் கொஞ்சம் அழகாக எழுதினேன்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, கம்பெனி வேன்கள் ஊர் திரும்புகிற நேரம் பார்த்து, மாலை ஐந்தரைக்குப் பள்ளி மேடையில் நாடகம் வைத்தார்கள். சிவகாசியில் அட்டைக்கும் மினுமினுப்புத் தாளுக்கும் பஞ்சமா? அச்சில் கலர் பிசகிப் போன காலண்டர் தாளையெல்லாம் ஊர்க்காவலன் ஒரு லோடு கொண்டுவந்து இறக்கினார். பிரபுவின் கிரீடத்தில் நவம்பர் மாதம் முழுசாகத் தெரிந்தது, பௌர்ணமி, அமாவாசை உட்பட. பொன்மணி வேலைவிட்டு வந்து முகம் கழுவி, முன்வரிசையில் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்துக் கூட்டத்தை எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று என்னிடம் சொன்னார். மகளுக்கு என்ன வேஷம் என்றுகூட அவர் கேட்டிருக்கவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே அழகுமீனா வசனம் சொல்லும்போதெல்லாம், "அதுக்கு எத்தன மார்க்கு?" என்று கேட்டதோடு சரி.

கதை இதுதான். ஒரு துறைமுக ஊர். அக்கரையில் திருவிழா. கப்பலில் நாற்பது பேர்தான் போகலாம். ஆனால் கூட்டம் அலைமோதுகிறது. மாலுமி வேண்டாம் என்கிறான். கப்பல் முதலாளி, ஒரே ஒரு பயணம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று அறுபது பேரை ஏற்றிவிடுகிறான். கப்பல் மூழ்கிப் போகிறது. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் அந்த ஊர்ப் பிரபுவின் அறைக்குப் போய் நியாயம் கேட்கிறாள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் ஒரு மாணவி ஒலிபெருக்கியில் தமிழில் கதை சொன்னாள்.

கப்பல் முதலாளி வேஷம் மணிகண்டராஜுக்கு. பொன்மணி வேலை பார்க்கிற கம்பெனியின் போர்மேன் பாலகுருவின் மகன். பாலகுரு முன்வரிசையில், பொன்மணிக்கு நாலு நாற்காலி தள்ளி, மகன் வாயைத் திறக்கும்போதெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு காட்சிக்கும் நல்ல கைதட்டல். "என்ன ஆகிவிடப் போகிறது" என்று ஒலிபெருக்கி சொன்ன இடத்தில் மட்டும் பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. நான் அப்போது அதைக் கவனித்ததோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது காட்சி, பிரபுவின் அறை. மூங்கிலில் ஒரு வாசல் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே பிரபு, அவருடைய மந்திரி, ஒரு பாதிரியார், கப்பல் முதலாளி. நாலு பேர். வாசல் வழியாகத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அழகுமீனா நுழைந்தாள்.

"ஏலே, அஞ்சு ஆளு! ஒரு ஆளு வெளிய வாங்க!"

பொன்மணிதான். எழுந்து நின்றுவிட்டார். கம்பெனியில் மெஷின் சத்தம் எதுவும் இல்லாத வெட்டவெளியில் மூணு ரூம் தாண்டிக் கேட்கிற குரல் அது. ஒலிபெருக்கி அதற்குத் தூசி.

பிரபுவாக நடித்த தருண்குமாரின் அம்மா பக்கத்து ரூமில் மருந்து செலுத்துகிறவர், ஒரே தெரு வேறு. பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு வளர்ந்த பிள்ளை. சட்டென்று சிம்மாசனத்தைவிட்டு எழுந்தான். கிரீடத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். வாசல் வழியாக வெளியே போய், பணிவாகச் சுவரோரம் நின்றுகொண்டான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் எழுந்து பறந்தது. ஜெஸ்லின் டீச்சர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பொன்மணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார், காதுவரை சிவந்துபோய். எனக்கு வகையீடு கண்முன்னால் தெரிந்தது. ஆண்டவரே, ரெண்டு பீரியடும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மேடையில் அழகுமீனா தனியாக நின்றாள். அவளுடைய வசனம் முழுக்கப் பிரபுவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. பிரபு வெளியே நிற்கிறார். ஒரு நிமிஷம் அவள் உதடு அம்மாவின் உதடு மாதிரியே அசைந்தது. பிறகு முக்காட்டைத் தள்ளிவிட்டு, கப்பல் முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"ஹவ் மெனி?" என்றாள். எத்தனை பேரை ஏற்றினாய் என்ற அந்தக் கேள்வி நாடகத்தில் உள்ளதுதான். அதற்கப்புறம் வந்தது நாடகத்தில் இல்லை. தமிழில் வந்தது. "அங்கன ஒரு அம்மா உக்காந்து எண்ணுறாக. ஒரு ஆளு கூடுனதும் சத்தம் போடுறாக. நீங்க அன்னைக்கு எண்ணுனீகளா? அறுவது பேரு ஏறுறப்ப, ஒரு ஆளாச்சும் சத்தம் போட்டாகளா?"

சிரிப்பு நின்றுவிட்டது. மணிகண்டராஜுக்கு அந்த இடத்தில் திமிராக ஒரு வசனம் உண்டு. வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாலகுருவின் போன் அவர் மடிக்கு இறங்கியிருந்தது. கடைசியில் பிரபு மூங்கில் வாசலுக்கு வெளியே நின்றபடியே தலையை மட்டும் நீட்டித் தீர்ப்புச் சொன்னார், உள்ளே வரப் பயந்துகொண்டு. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கைதட்டல் முடிந்ததும் ஹெச்.எம். மைக்கைத் தலைவியிடம் நீட்டினார். "கூட்டத்துல சொல்றேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் பொன்மணி.

எல்லோரும் கலைந்த பிறகு நானும் ஜெஸ்லினும் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். பொன்மணி வீட்டுக்குப் போகாமல் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஒரு ஆளாச்சும் சத்தம் போட்டாகளான்னு கேட்டாளே, அது நாடகத்துல இருக்கா?"

"இல்லக்கா. அது அவளா கேட்டது."

பொன்மணி காலியான மேடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "எங்க ரூமுல இன்னைக்கு ஆறு பேரு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"சீசன் சார். தீபாவளி ஆர்டர். ரெண்டு வாரத்துக்குத்தான்னு போர்மேன் சொன்னாக. நானே நகந்து இடம் குடுத்தேன். வருசா வருசம் குடுக்கேன். கல்யாண வீட்டுல கத்துறேன், பஸ்ஸுல கத்துறேன், இப்ப நாடகத்துலயும் கத்திட்டேன். அங்கன மட்டும் வாயே வரமாட்டேங்குது. வேலை போச்சுன்னா இவ நர்சிங் என்னாகும்னு ஒரு பயம். எங்க அக்கா போன அன்னைக்கு அவ ரூமுல ஒம்பது பேரு. அவளும் எண்ணியிருப்பா சார். எண்ணாம இருக்க மாட்டா."

பதினோரு வருடத்துக்கு முன்னால் கம்பெனி வெடிவிபத்தில் செல்வலட்சுமி இறந்தது எனக்குத் தெரியும். அந்த ஒன்பது எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக இந்தப் பெண் ஆள் எண்ணுவதை ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டி டீ குடித்தவன் நான். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. ஜெஸ்லின் டீச்சர் போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார். அதுதான் சரி.

மறுநாள் காலையில் கம்பெனியில் நடந்ததை எனக்குச் சொன்னது கருப்பம்மாள். சீசனுக்கு மட்டும் வேலைக்கு வருகிறவர், அந்த ரூமில் அஞ்சாவது ஆள். அவர் பேத்தி எங்கள் ஆறாம் வகுப்பு.

"செருப்பைக் கழட்டிட்டு, தகட்டைத் தொட்டுட்டு, எல்லாரும் உக்காந்தாச்சு. பொன்மணி மட்டும் வாசல்லயே நிக்கா. என்னட்டின்னு கேட்டேன். 'அஞ்சு ஆளு இருக்கீக, நான் ஆறாவது'ங்கா. என்னையத்தான் வெளிய போகச் சொல்லுறாளோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு சார். அவ திரும்பிப் போய் வெளிய வெயில்ல நிக்கா!"

பாலகுரு வந்திருக்கிறார். "என்ன பொன்மணி, வேலை நேரத்துல?"

"ஆறு பேரு இருக்கோம்ண்ணே."

"எனக்குத் தெரியாதா? ரெண்டு வாரம்தானே. என்ன ஆயிரப் போகுது?"

சொன்ன பிறகுதான் அவருக்கே அந்த வார்த்தை காதில் விழுந்திருக்க வேண்டும். பொன்மணி குரலை உயர்த்தவில்லையாம். கல்யாண வீட்டுக் குரல் இல்லை, யாரோ விசாரிக்கிற குரல். "அதைத்தான்ண்ணே நேத்து மணிகண்டராஜும் சொன்னான். அப்புறம் எம் மக கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியாம நின்னான். நீங்களாச்சும் சொல்லுங்க. நாங்க எத்தன பேரு?"

இதற்குள் உள்ளே இருந்து இன்னொரு பெண் எழுந்து வெளியே வந்து பொன்மணி பக்கத்தில் நின்றிருக்கிறார். அப்புறம் ஒவ்வொருவராக மற்றவர்களும். கருப்பம்மாள் கடைசியாக வந்தாராம். "எனக்குப் பயம்தான். ஆனா உள்ள ஒத்தையா உக்காந்துருக்க அதவிடப் பயமா இருந்துச்சு."

பாலகுரு கெட்டவர் இல்லை. மேலேயிருந்து ஆர்டர், கீழேயிருந்து ஆள், நடுவில் அவர். தள்ளிப் போய் முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து, காலி அட்டைப் பெட்டி அடைத்துப் பூட்டிக் கிடந்த ஒரு ரூமைத் திறந்து கழுவிவிட்டார்கள். இரண்டு பேர் அங்கே மாறினார்கள். நாலு பேர் இங்கே.

இதனால் சிவகாசி திருந்திவிட்டது என்று சொல்ல நான் என்ன சின்னப் பிள்ளையா? பக்கத்துக் கம்பெனியில் என்ன நிலவரம் என்று எனக்குத் தெரியாது. அடுத்த சீசனில் வேறொரு போர்மேன் வரலாம். பொன்மணிக்கு வேலை போகவில்லை, ஆனால் போயிருக்கலாம். அந்தப் பயத்தோடுதான் அவர் வெயிலில் போய் நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். எண்ணினார். உட்கார்ந்தார்.

"நாடகம் இருக்கட்டும் சார்" என்றார். "ஆனா டீச்சர், மருந்து பாட்டில் இங்கிலீஷும் வேணும். அதை விட மாட்டேன். நானூறு வருசத்து இங்கிலீஷும் படிக்கட்டும், நாளைக்கு வேண்டியதும் படிக்கட்டும்."

"சரிக்கா" என்றார் ஜெஸ்லின், அழுகையும் சிரிப்புமாக.

நான் தொண்டையைக் கனைத்தேன். "கணக்குக்கு என்ன வழி?"

"சாலமன் சாருக்குச் சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் எழுதுங்க." அந்த ஒரு வரியால் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் அத்தனை பேரின் சாபத்தையும் வாங்கிக்கொண்டார். எனக்குத் திருப்தி. இரண்டு பீரியட் கேட்ட இடத்தில் ஒன்று கிடைத்தது, அதுவும் பழி அவர் மேல்.

நோட்டை மூடப் போனேன். "இருங்க சார், இன்னொரு தீர்மானம் இருக்கு. அன்னைக்கு நான் பண்ணுன கூத்து திரும்பி நடக்கக் கூடாதுல்ல."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தீர்மானம் எண் நான்கு: நாடகத்தில் மட்டும், ஒரே அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கலாம்.

ஹெச்.எம். சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பொன்மணி நோட்டைத் தன் பக்கம் திருப்பி, வார்த்தை வார்த்தையாக ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். பிறகு "மட்டும்" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இதுக்குக் கீழ ஒரு கோடு போடுங்க சார்."

போட்டேன். அவர் கையெழுத்துப் போடுகிறவரை நான் சும்மா இருக்க மாட்டாமல் அறையைச் சுற்றிப் பார்த்தேன். பதினோரு பேர் இருந்தோம். இரண்டு வாசலும் திறந்திருந்தது.